எண்பத்தொன்று எடுத்த தம்பதி

அபிநயா ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாள் என்பது பிள்ளையார்பாளையத்தில் அவளுடைய நெசவாளர் தெருவில் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. படிப்பின் பெயர் அறிவாற்றல் மற்றும் சமூக நரம்பறிவியல். முதுகலை, இரண்டாம் ஆண்டு. இந்தப் பெயரை அவள் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஆகவே அவளுடைய அப்பா தினகரன் அதைச் சுருக்கி, "பொண்ணு மூளைக்குப் படிக்குது" என்று சொல்லிவைத்திருந்தார். அதன் பலனாகத் தலைவலி, மறதி, தூக்கத்தில் உளறல், பத்தாம் வகுப்பில் கணக்கு வராமை எல்லாம் அவளைத் தேடி வந்தன. நான் டாக்டர் இல்லை, இரண்டு பேர் சேர்ந்திருக்கும்போது அவர்கள் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் படிக்கிறேன் என்று அவள் பொறுமையாகச் சொல்வாள். அதுக்கு எதுக்கு காலேஜு, எங்க வீட்ல ஒரு நாள் வந்து குந்திக்கினு பாரு, தெரிஞ்சிடும் என்று குழாயடியில் ஒரு அம்மாள் சொன்னார்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் செல்போன், தூக்கம், தேர்வு பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். அபிநயாவுக்கு விஷயம் வீட்டிலேயே இருந்தது. கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை நெய்ய இரண்டு பேர் வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் உடலுக்கான குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட, வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தவர் கரைக்கான நாடாவை அந்த நொடியிலேயே வீச வேண்டும். அவள் வீட்டில் முதலாவது ஆள் தினகரன், இரண்டாவது ஆள் அம்மா மஹாலட்சுமி. இருபத்து மூன்று வருடமாக இப்படித்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கண் நூலின்மேல் இருக்கும். பேச்சும் கிடையாது. ஆனாலும் கை தவறுவதில்லை. அப்படியென்றால் அந்த நேரத்தில் இரண்டு பேருடைய மூளை அலைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? இதுதான் அவள் கேள்வி.

பேராசிரியர் துர்கா பாராட்டுவதற்கும் கண்டிப்பதற்கும் ஒரே குரல் வைத்திருப்பவர். கேள்வி நல்லாயிருக்கு, பதில் நல்லாயிருக்கும்னு எதிர்பார்க்காதே என்று சொல்லி, நெறிமுறைக் குழுவுக்கு எழுதச் சொன்னார். குழு மூன்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. தலையில் மூளை அலையைப் பதியும் தொப்பி வைக்கும் ஒவ்வொருவரும் படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஒருவருடைய முடிவு இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. துர்கா தன் பங்குக்கு ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்: மடிக்கணினியின் திரை யார் கண்ணிலும் படக்கூடாது.

அவள் வீட்டையும் சேர்த்துத் தெருவில் ஆறு தம்பதிகள் சம்மதித்தார்கள். முதல் சிக்கல் எண்ணெயால் வந்தது. தொப்பியில் இருக்கும் மின்முனைகள் மண்டைத் தோலைத் தொட்டால்தான் அலை கிடைக்கும். நடுவில் தேங்காய் எண்ணெய் இருந்தால் கிடைக்காது. அபிநயா வீடு வீடாகப் போய் ஷாம்பு பாக்கெட் கொடுத்து, முந்தின நாளிலிருந்து தலையில் எண்ணெய் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். கண்ணாயிரம் மட்டும் விளக்கம் கேட்டார். எண்ணெய் வைக்காத நாள் என்று தன் வாழ்க்கையில் ஒன்று இருந்ததில்லை என்றார். அவருடைய மனைவி ரேணுகாம்பாள், அந்தப் பொண்ணு சொல்ற மாதிரி செய்யுங்க என்று ஒரே வார்த்தையில் முடித்து வைத்தார். அவர்கள் இருவரும் தெருவுக்கே உதாரணத் தம்பதி. போன வருடம் அறுபதாம் கல்யாணம் நடந்தது. ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால், கண்ணாயிரம் வீட்டைப் பார்த்துக் கத்துக்கோ என்பதுதான் தெருவின் வழக்கமான தீர்ப்பு.

இரண்டாவது சிக்கல் அபிநயாவின் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பத்தொன்பது நாட்களாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஆரணியில் இருக்கும் மஹாலட்சுமியின் அண்ணன் அர்ஜுனன். அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் வணக்கம் அனுப்புவார். ஒரு ரோஜா, ஒரு சூரிய உதயம், ஒரு குத்துவிளக்கு, தண்ணீர் குடிப்பதன் நன்மைகள். சில நாள் முப்பது வரை போகும். ஒரு நாள் தினகரனுக்குப் பொறுமை போய், குழுவிலிருந்து மச்சானை நீக்கிவிட்டார். நீக்கியது குழுவில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு வரியாக விழும் என்பது அவருக்குத் தெரியாது. மஹாலட்சுமி அந்த வரியைப் பார்த்தார். அன்றைக்கு நின்றது பேச்சு.

தறி மட்டும் நிற்கவில்லை. முகூர்த்தச் சேலை, தேதியைத் தள்ள முடியாது. தினகரன் தறிக்கட்டையில் ஒரு தட்டு தட்டினால் ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். மஹாலட்சுமி தட்டை 'டங்' என்று வைத்தால் சாப்பிட வரலாம் என்று அர்த்தம். மீதி எல்லாம் அபிநயா வழியாகப் போனது. இரண்டடி தூரத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டியதை, உங்கப்பாவக் கேளு, உங்கம்மாவக் கேளு என்று அவளிடம் சொல்வார்கள். பதிலும் அவள் வழியாகவே திரும்பும். ஒப்புதல் படிவத்தைக்கூட ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார்கள்.

நான்கு தம்பதிகளின் பதிவு சுமுகமாக முடிந்தது. ஐந்தாவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாயிரம் வீடு. அங்கே பிளக் பாயிண்ட் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது, வயர் குட்டை. மடிக்கணினியை ஜன்னலைப் பார்க்கும்படி வைக்க வேண்டியதாயிற்று. ஜன்னலுக்கு வெளியே மூன்று பெண்கள் நின்றுகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். ஆனால் தொப்பிக்குள் பசை போட்டுக்கொண்டிருந்ததில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவள் பயன்படுத்திய மென்பொருள் அலைகளைக் கோடுகளாகக் காட்டி, இருவர் அலையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அடியில் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு எண்ணைக் கொட்டை எழுத்தில், பச்சையில் போடும். அந்த எண்ணை மறைக்கும் வசதி இருந்தது. அபிநயா மறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த எண் ஏறி இறங்குவதைப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது.

கண்ணாயிரம் ரேணுகாம்பாள் தம்பதிக்கு இருபத்திரண்டு வந்தது.

அங்கிருந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு அவள் தன் வீட்டுக்குப் போனபோது பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்து வாசற்படியில் நின்றார்கள். தினகரனுக்கும் மஹாலட்சுமிக்கும் தொப்பி மாட்டி, தறியில் உட்காரவைத்தாள். தறிக்கட்டையில் ஒரு தட்டு. நாடா ஓடியது. இருவரும் இறுகிய முகத்தோடு முன்னால் பார்த்தபடி நெய்தார்கள். பச்சை எண் நாற்பதைத் தாண்டியது, அறுபதைத் தாண்டியது, எண்பத்தொன்றில் வந்து நின்றது.

"எண்பத்தொண்ணு," என்று அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ சத்தமாகப் படித்தார்கள்.

அப்போதுதான் அபிநயாவுக்கு சிவப்பு மை நினைவுக்கு வந்தது. அவசரமாகத் திரையை மூடினாள். மூடி என்ன பயன்? கண்ணாயிரம் வீட்டு இருபத்திரண்டும் வாசலில் நின்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்பது தமிழ்நாட்டில் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய கணக்கல்ல. பதினோரு மணிக்குள் தெருவில் முடிவுகள் வெளியாகிவிட்டன: தினகரன் வீடு ஃபர்ஸ்ட் மார்க், கண்ணாயிரம் வீடு ஃபெயில்.

அது மார்க் இல்லை, புருஷன் பெண்டாட்டி ஒற்றுமையை அளக்கும் மெஷினும் இல்லை என்று அவள் போய்ப் போய்ச் சொன்னாள். நீ வெளிய சொல்லக்கூடாதுதான்மா, எங்களுக்குப் புரியுது என்று கண்ணடித்து அனுப்பினார்கள். மறுநாள் ஒரு கல்யாணத் தரகர் இரண்டு ஜாதகங்களோடு வந்து, பொருத்தம் பத்தும் பார்த்தாச்சு, இந்தப் பதினொன்றையும் பார்த்துவிட்டால் திருப்தி என்றார்.

வீட்டில் நடந்ததுதான் அவளைத் திகைக்க வைத்தது.  முதல் நாள் தினகரன் டீக்கடையிலிருந்து வழக்கத்தைவிடத் தாமதமாக, நிமிர்ந்த நடையோடு வந்தார். மஹாலட்சுமியிடம் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நான்கு பேர், எப்படிக்கா என்று ரகசியம் கேட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அவர் வாழைப்பூ வடை போட்டார். தட்டு சத்தமில்லாமல் கீழே வந்தது. இரண்டாம் நாள் ஆரணிக்குச் செய்தி போய், அர்ஜுனன் போன் செய்து, மாப்பிள்ளைகிட்ட குடு என்று சொல்லி வாழ்த்தினார். தினகரன் அன்றே மச்சானைக் குழுவில் திரும்பச் சேர்த்தார். மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, வரும் வழியில் ஓட்டலில் பூரி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அபிநயாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நரம்பறிவியலால் ஒரு குடும்பம் சேர்ந்தது என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டாள்.

கண்ணாயிரம் வீட்டில் நிலைமை வேறு. இருபத்திரண்டு யாரால் வந்தது என்ற கேள்வி அங்கே எழுந்திருந்தது. நான் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று இருவருமே சொன்னார்கள். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக ரேணுகாம்பாள் கணவரைப் பார்த்து, அப்ப உங்க மனசு எங்க இருந்தது என்று கேட்டார். அதோடு விடாமல், வியாழக்கிழமை காலை ஒரு மனு எழுதிக்கொண்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு, பஸ் ஏறி ஏனாத்தூருக்கே வந்துவிட்டார்.

அபிநயா ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவந்தபோது இருவரும் துர்காவின் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மனு துர்காவின் கையில் இருந்தது. பொருள்: மறுமதிப்பீடு கோருதல். துர்கா அதை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை.

"எண் இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

அபிநயா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். வயர் குட்டை என்று ஆரம்பித்து, தனக்கும் பார்க்க ஆசை என்பதில் முடித்தாள். துர்கா நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதுவதற்கு முன்னால் மனுவுக்குப் பதில் சொல்ல வேண்டும், அளந்தது எதை என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்றார். துர்காவும் அபிநயாவும் கணினியின் முன் உட்கார்ந்து, எண்ணை விட்டுவிட்டு அலைகளை ஒவ்வொரு நொடியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கண்ணாயிரத்தின் பதிவில் உச்சந்தலை மின்முனை மட்டும் வெறும் இரைச்சலாக இருந்தது. விசாரித்ததில், சூட்டுக்காக உச்சியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக்கொண்டதாக அவர் மனைவி இருக்கும் பக்கம் பார்க்காமல் ஒப்புக்கொண்டார். அந்த மின்முனையை நீக்கிப் பார்த்தபோது இருபத்திரண்டு இருபத்தைந்தாயிற்று.

பிறகு துர்கா எண்பத்தொன்றைத் திறந்தார். தினகரன், மஹாலட்சுமி இருவர் பதிவிலும் காதுக்கு மேலே, கன்னப்பொறியில் வைத்த மின்முனைகளில் அலை திடீர் திடீரென்று அடர்ந்து தடித்து எழும்பியது. மூளை அலை அவ்வளவு பெரிதாக வராது. துர்கா தன் கன்னப்பொறியில் விரலை வைத்து ஒரு தடவை பல்லைக் கடித்துக் காட்டினார். தசை புடைத்து அடங்கியது.

"உங்க அப்பாவுக்கு அம்மா மேல கோபமா?"

"அன்னிக்குப் பத்தொன்பது நாளா பேசாம இருந்தாங்க மேடம்."

"இதை ஏன் குறிப்புல எழுதலை?"

"வீட்டு விஷயம்னு விட்டுட்டேன்."

"தலையில தொப்பி வச்ச அப்புறம் அது வீட்டு விஷயம் இல்லை," என்றார் துர்கா.

ஒத்துப்போனவை மூளைகள் அல்ல, தாடைகள். இருபது நிமிடத்தில் நாற்பத்தாறு தடவை இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பல்லைக் கடித்திருந்தார்கள். அந்த இடங்களை வெட்டியெடுத்துக் கணக்கிட்டபோது எண்பத்தொன்று இருபத்தேழுக்கு இறங்கியது. அது கண்ணாயிரம் தம்பதியின் எண்ணுக்கு இரண்டு தள்ளிய எண். துர்கா அத்தோடு நிறுத்தாமல், சேர்ந்து நெய்யாத இரண்டு பேரைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். தறியின் தாளம் எல்லா வீட்டிலும் ஒன்று என்பதால் யாரை யாரோடு சேர்த்தாலும் கொஞ்சம் ஒத்துத்தான் போகும். கணவன் மனைவி அதைவிட அதிகம் ஒத்துப்போனால்தான் அதற்கு அர்த்தம். அபிநயா கைக்கு வந்தபடி தன் அப்பாவின் பதிவையும் ரேணுகாம்பாளின் பதிவையும் சேர்த்தாள். முப்பத்தொன்று வந்தது. தினகரன் ரேணுகாம்பாளை அண்ணி என்று கூப்பிடுபவர்.

துர்கா அந்தக் கோப்பை உடனே மூடினார்.

"இதை உங்க தெருவுல சொல்லாதே," என்றார்.

வெளியே வந்து, துறையின் சார்பில் மன்னிப்புக் கேட்டு, அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை என்று விளக்கினார். ரேணுகாம்பாள் முழுவதும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நாங்கள் பாஸா என்றார். இது பரீட்சையே இல்லம்மா என்றார் துர்கா. பரீட்சையே இல்லாததில் எப்படி ஃபெயில் ஆனோம் என்று ரேணுகாம்பாள் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது இந்தப் பெண்தான், கலந்துகொண்ட எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லுவாள் என்று துர்கா அபிநயாவைக் காட்டினார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு தட்டு நிலக்கடலை உரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அபிநயா சொல்ல வேண்டியதை எழுதிய தாளைப் புத்தகத்துக்குள் செருகி வைத்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட நினைத்தாள். ஆனால் தெருவில் ஒரு வீடு ஃபெயில் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடி பஜனை மடத்தில் பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். திரையைக் காட்டியது தன் தப்பு என்று அபிநயா முதலில் மன்னிப்புக் கேட்டாள். யாருடைய எண்ணுக்கும் பொருள் கிடையாது, ஆறு வீடும் ஒன்றுதான், மெஷினுக்குத் தெரிந்தது தறியின் தாளம் மட்டும்தான் என்றாள். ரேணுகாம்பாள் உடனே, அப்ப அந்த எண்பத்தொண்ணு என்றார். அதைப் பொதுவில் சொல்லக்கூடாது என்றாள் அபிநயா.

"சொல்லுமா, எங்களுக்கு இன்னா வந்துச்சி," என்றார் மஹாலட்சுமி. அவர் குரலில் முதல் மார்க்கின் தெம்பு இருந்தது.

அபிநயா இரண்டு தடவை கேட்டாள், இருவரையும் தனித்தனியாகக் கேட்டாள். இருவரும் தாராளமாகத் தலையாட்டினார்கள். வேறு வழியில்லாமல் சொன்னாள். அது பல்லைக் கடித்ததால் வந்த எண் என்றும், நாற்பத்தாறு தடவை கடித்திருக்கிறார்கள் என்றும்.

 கண்ணாயிரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ரேணுகாம்பாள் பொத்திக்கொள்ளவில்லை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, எழுந்து போய் மஹாலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இப்பத்தான் நிம்மதியாச்சி என்றார்.

தினகரனும் மஹாலட்சுமியும் வீட்டுக்குத் தனித்தனியாக நடந்து வந்தார்கள். உள்ளே வந்ததும் மஹாலட்சுமி மகளிடம், முதலில் கடித்தது யார் என்று கேட்டார். அவரவர் பதிவு அவரவருக்குச் சொந்தம், கேட்டால் சொல்லத்தான் வேண்டும். இருவரும் கேட்டார்கள். அம்மாதான், நாற்பத்தாறில் நாற்பது தடவை அம்மா முதலில், அப்பா ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்து என்று அபிநயா சொன்னாள். தினகரனுக்கு அது போதுமானதாக இருந்தது. பாத்தியா, ஆரம்பிச்சது யாருன்னு மெஷினே சொல்லுது என்றார். நான் என் பல்லக் கடிச்சேன், உங்களை யாரு கடிக்கச் சொன்னது என்றார் மஹாலட்சுமி. நீ கடிச்சதாலதான் நான் கடிச்சேன் என்று சொல்ல வந்த தினகரன் பாதியில் நின்றார்.

"நீ கடிக்கிறது எனக்கு எப்படிமா தெரியும்? நான் உன் மூஞ்ச பாக்கவே இல்லயே."

மஹாலட்சுமி சமையலறைக்குப் போய்விட்டார். அபிநயா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். மூன்று மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்த கேள்வியை அப்பா கோபத்தில் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் துர்காவிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டு, இதுதான் உன் ஆய்வு, முன்னது இல்லை என்றார். தாடையில் தனியாக மின்முனை வைக்க வேண்டும், தறிக்கு அருகே ஒலிவாங்கி வைக்க வேண்டும், புதுப் படிவம் வேண்டும். ஆனால் ஆய்வுக்காக அவர்களைச் சண்டை போடவைக்கக் கூடாது, சமாதானம் ஆகிவிட்டால் ஆய்வு போயிற்று என்று வைத்துக்கொள் என்றார். அபிநயா அந்த வாரம் வீட்டில் சண்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும்வரை தட்டு 'டங்' என்று விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு 'டங்'குக்கும் ஆறுதல் அடைகிற மகளாக இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. படிவத்தை நீட்டியபோது இருவருமே பேனாவைப் பிடுங்காத குறை. ஆரம்பிப்பது மற்றவர்தான் என்று நிரூபிக்க ஆளுக்கு ஒரு ஆசை.

இந்தத் தடவை திரை சுவரைப் பார்த்திருந்தது. வாசற்கதவு சாத்தியிருந்தது. இருவர் தாடையிலும் மின்முனை ஒட்டி, தறியில் உட்காரவைத்தாள். பத்து நிமிடம் நன்றாகப் போனது. அம்மாவின் கோடு எழும்பும், அடுத்த கணம் அப்பாவின் கோடு எழும்பும். அபிநயா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராவது நிமிடத்தில் அலமாரியில் இருந்த தினகரனின் போன் 'டிங்' என்றது. ஆரணியிலிருந்து ரோஜா. தினகரனின் கோடு துள்ளியது. அடுத்து ஒரு 'டிங்', அடுத்து ஒன்று. நான்காவதில் இரண்டு கோடுகளும் சேர்ந்து எழும்பின. ஆறாவதில் மஹாலட்சுமியின் கோடு கணவருடையதை முந்திக்கொண்டது. அதை அபிநயா ஒருத்திதான் பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாவது 'டிங்'கில் மஹாலட்சுமி நாடாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் போனைக் கொஞ்சம் அமத்துங்க," என்றார். எட்டு நாளில் கணவரிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"ஏன், உங்கண்ணன்தானே."

"எங்கண்ணன்தான். அதுக்குன்னு ஒரு அளவில்லையா."

தினகரன் போனை எடுத்து அமர்த்தினார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. மஹாலட்சுமி உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் தறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பும் அதே தசையில்தான் வரும். திரை முழுவதும் கோடுகள் கிறுக்கலாகி, மீதிப் பதிவு எதற்கும் உதவாமல் போனது. துர்கா பிற்பாடு அந்தப் பகுதியின்மேல் 'சிரிப்பு, நீக்குக' என்று எழுதினார்.

கிடைத்த பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. ஒலிப் பதிவோடு வைத்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. மஹாலட்சுமி பல்லைக் கடிக்கும்போது கையும் இறுகுகிறது. நாடா கொஞ்சம் வேகமாகப் போய்க் கட்டையில் இடிக்கும் சத்தம் ஒரு துளி கூர்மையாகிறது. அந்தச் சத்தம் காதில் விழுந்தவுடன், தனக்கே தெரியாமல், தினகரனின் தாடை இறுகுகிறது. சத்தம் கூர்மையாகாத இடங்களில் அவர் கடிக்கவே இல்லை. பார்க்காமல், பேசாமல், மனைவியின் கோபத்தை அவர் காதால் வாங்கிக்கொண்டிருந்தார். இதை அபிநயா இருவரிடமும் சொன்னாள். மஹாலட்சுமி, நான் வாயால சொன்னா மட்டும் காதுல விழாது என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, எல்லாம் சரி, ஒரே ஒரு ஜோடியை வைத்து எப்படி முடிவுக்கு வருவது என்று கேட்டார். முடிவுக்கு வரவில்லை, ஒரு ஜோடியில் கண்டதை மட்டுமே எழுதியிருக்கிறேன் என்றாள் அபிநயா. மற்ற ஐந்து தம்பதிகளிடமும் கேட்டதாகவும், தங்கள் வீட்டில் சண்டையே வருவதில்லை என்று ஐந்து வீட்டாரும் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். தேர்வாளர் துர்காவைப் பார்த்தார். துர்கா ஜன்னலைப் பார்த்தார். அபிநயா தேறிவிட்டாள். விரும்பினால் இதையே மேலே கொண்டுபோகலாம், ஜோடிகள் சேர்த்துக்கொண்டு வா என்று துர்கா அதே குரலில் சொன்னார். அது பாராட்டு என்பது அபிநயாவுக்குப் பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மூன்று வாரம் கழித்து, அவள் ஆய்வுக்கூடத்தில் மின்முனைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரேணுகாம்பாளிடமிருந்து போன் வந்தது. குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. காலையிலிருந்து தானும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளவில்லை, எதற்கு என்று கேட்காதே, படிவத்தில் கையெழுத்துப் போட இரண்டு பேரும் தயார் என்றார். மேடத்திடம் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றாள் அபிநயா.

"நாளைக்கு வேணாம்மா, இப்பவே வா," என்றார் ரேணுகாம்பாள். "மனுஷன் சமாதானத்துக்கு வந்துக்கினு இருக்காரு."

துர்கா பக்கத்து மேசையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, போய் வா என்று கையை அசைத்தார். அபிநயா இரண்டு தொப்பிகளையும் பைக்குள் திணித்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடினாள்.